உணவு இழப்பு ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: கழித்து வரும் மீதியெல்லாம் வீண் அல்ல

வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின் மூலத் தரவுகளை இப்போது யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்பதால், நாட்டு மக்கள் என்ன உண்கிறார்கள், விளைந்ததில் எவ்வளவு வழியிலேயே போய்விடுகிறது என்று ஆராயப் பல இளைஞர்கள் முன்வருகிறார்கள். இது மிகவும் மகிழ்ச்சிக்குரியது. ஆனால் கருத்துக் கேட்டு வரும் வரைவுகளைப் படிக்கும்போது, எங்கள் தலைமுறை தொடக்கத்தில் செய்த அதே பிழைகள் அப்படியே திரும்பி வருவதைக் காண்கிறேன். குவிண்டாலை டன்னாக மாற்றுவதில் வரும் பிழை, அட்டவணையில் வரிசை மாறிப்போவது போன்றவற்றை யாராவது சுட்டிக்காட்டினாலே திருத்திவிடலாம். அவற்றைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

கிடைத்ததிலிருந்து உண்டதைக் கழிப்பது

எத்தனை முறை பார்த்தாலும் எனக்குப் பொறுக்காத தவறு இது. மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கையில், தலைக்கு ஒரு நாளைக்குக் கிடைக்கும் நிகர தானிய அளவு ஆண்டுதோறும் வெளியாகிறது. பருப்பை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் அது பல ஆண்டுகளாக 400 கிராமுக்கு மேலேயே இருக்கிறது. மறுபுறம், வீட்டுக் கணக்கெடுப்பில் 2011-12இல் ஒருவர் மாதத்துக்கு உண்ட தானியம் கிராமப்புறத்தில் 11.22 கிலோ, நகர்ப்புறத்தில் 9.28 கிலோ. 2022-23இல் இவை 9.61 கிலோவாகவும் 8.05 கிலோவாகவும் குறைந்துவிட்டன. நகரத்தின் கணக்கை நாளுக்கு வகுத்தால் 270 கிராம்கூட வருவதில்லை. புதிதாக வருபவர் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கிறார். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மீதி வருகிறது. உலகின் உணவில் மூன்றில் ஒரு பங்கு வீணாகிறது என்று ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2011இல் சொன்னதும் அவர் நினைவில் இருக்கும். இரண்டும் பொருந்துவதைக் கண்டவுடன், தம் கணக்கு உறுதியாகிவிட்டது என்று முடிவு கட்டி, அதையே அறிக்கையின் முதல் பக்கத்தில் போட்டுவிடுகிறார்.

முதலில், நிகர அளவு என்று அச்சாகும் எண் எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். மொத்த விளைச்சலிலிருந்து விதைக்கும் தீவனத்துக்கும் சேதாரத்துக்குமாகச் சேர்த்து 12.5 விழுக்காட்டைக் கழித்துவிட்டு, ஏற்றுமதி இறக்குமதியையும் அரசுக் கிடங்குகளின் இருப்பு மாற்றத்தையும் சரிக்கட்டி அதைக் கணிக்கிறார்கள். அந்த 12.5 விழுக்காடு எல்லா ஆண்டுக்கும் ஒரே மாதிரியாகக் கழிக்கப்படும் ஓர் அனுமானம். ஆண்டுதோறும் களத்தில் அளந்து வந்தது அல்ல. உழவர் வீட்டுக் குதிரிலும் வணிகரின் கிடங்கிலும் இருக்கும் இருப்பு அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

அடுத்து, அந்தத் தானியத்தில் மக்காச்சோளமும் அடங்கியிருக்கிறது. நாட்டின் மக்காச்சோளத்தில் பாதிக்கு மேல் கோழிக்கும் மாட்டுக்கும் தீவனமாகிறது. நாமக்கல் வட்டாரப் பண்ணைகளின் தீவன ஆலைகளில் இறங்கும் லாரிகளை ஒரு நாள் நின்று பார்த்தாலே இது விளங்கும். அந்தச் சோளம் வீணாகவில்லை. முட்டையாகவும் கறியாகவும் மாறி அதே வீட்டுக் கணக்கெடுப்பில் வேறொரு வரியில் வந்து நிற்கிறது. ஸ்டார்ச் ஆலைகளுக்கும் எத்தனால் ஆலைகளுக்கும் போவதும் இந்த மீதியில்தான் மறைந்திருக்கிறது.

மூன்றாவது காரணம் வீட்டுக்கு வெளியே உண்பது. உணவகத்தில் சாப்பிட்ட இட்லியும் சாப்பாடும் கணக்கெடுப்பில் பானங்கள், பதப்படுத்திய உணவு என்ற தலைப்பின்கீழ் செலவாகப் பதிவாகுமே தவிர, அவற்றிலுள்ள அரிசி கிலோவில் ஏறாது. 2022-23இல் நகர்ப்புறக் குடும்பச் செலவில் இந்தத் தலைப்பு 10.64 விழுக்காட்டையும் கிராமப்புறத்தில் 9.62 விழுக்காட்டையும் பிடித்தது. தானியத்தின் பங்கோ நகரத்தில் 3.64 விழுக்காடு, கிராமத்தில் 4.91 விழுக்காடு மட்டுமே. பள்ளி மதிய உணவும், அந்தக் கணக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தபோது 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் குழந்தைகளின் வயிற்றுக்குப் போகின்றன. ஆனால் அவற்றின் அரிசியும் ரவையும் வீட்டுத் தானியக் கணக்கில் சேர்வதில்லை.

களத்தில் நேரடியாக அளந்தவர்கள் சொல்வதைப் பாருங்கள். லூதியானாவில் உள்ள, அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்பத்தை ஆராயும் மத்திய அரசின் சிஃபெட் நிறுவனம் 2015இல் வெளியிட்ட ஆய்வில், அறுவடையிலிருந்து சந்தைவரை தானியங்களில் ஏற்படும் இழப்பு 4.65 முதல் 5.99 விழுக்காடு வரைதான். வேளாண் வளர்ச்சி வங்கியான நபார்டின் ஆலோசனை நிறுவனமான நாப்கான்ஸ் 2022இல் கண்டது 3.89 முதல் 5.92 விழுக்காடு. இவற்றோடு வீட்டுச் சமையலறையில் கொட்டப்படும் சோற்றைச் சேர்த்தாலும் மூன்றில் ஒரு பங்கை எட்ட வழியே இல்லை.

இதைத் தாளில் நிகழும் பிழை என்று விட்டுவிட முடியாததற்குக் காரணம் உண்டு. ஒரு தொண்டு நிறுவனம் இப்படிக் கழித்து வந்த மீதியை வைத்துத் தானியக் கிடங்கு கட்ட நிதி கேட்டு விண்ணப்பித்திருந்தது. அவர்கள் பணியாற்றிய கிராமங்களில் உண்மையில் அழுகிக்கொண்டிருந்தது தக்காளி. நிதி கொடுப்பவர் மூல எண்களைக் கேட்டபோது விண்ணப்பம் சரிந்தது. அதோடு, தக்காளிக்காகக் கேட்டிருக்கக்கூடிய தரம்பிரிக்கும் கொட்டகையும் பிளாஸ்டிக் கிரேட்டுகளும் அந்த உழவர்களுக்குக் கிடைக்காமலே போயின. தவறான எண் யாருடைய பணத்தையும் நேரடியாக எடுப்பதில்லை என்று நினைப்பவர்கள் அந்தச் சந்தையில் சாலையோரம் கொட்டிக் கிடந்த தக்காளியைப் பார்த்திருக்க வேண்டும்.

மீதியைக் குறிப்பிடத்தான் வேண்டும் என்றால், கணக்கில் வராத பயன்பாடு என்று எழுதி, தீவனம், ஆலைப் பயன்பாடு, வெளியே உண்டது, தனியார் இருப்பு, சேதாரம் ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்துக் காட்டுங்கள். பிரிக்க முடியாவிட்டால் அந்த எண்ணை அச்சிடாதீர்கள்.

வாங்கியதை உண்டதாக எழுதுவது

டெல்டாப் பகுதிக் கிராமம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்த ஒரு கணக்கெடுப்பாளருடன் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். “மாசம் எவ்வளவு அரிசிம்மா ஆகும்?” என்று கேட்டார். “இருபது கிலோ தம்பி” என்றார் அந்த வீட்டு அம்மா. அவரும் 20 என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். நான் இடைமறித்து, ரேஷனில் வாங்குவது இருபதா, வீட்டில் சமைப்பது இருபதா என்று கேட்டேன். “வாங்குறதுதான் இருபது. அதை இட்லிக்கு ஊறப்போடுவோம், கொஞ்சம் கோழிக்குப் போவும். சோத்துக்கு எங்க வயல் நெல்லுதான்” என்றார். கோழிக்குப் போனதை நீக்க வேண்டும். சொந்த வயல் நெல்லைச் சேர்க்க வேண்டும். பதிவான எண் இரண்டு பக்கமும் தவறு. அவர் உலையில் போட அரிசி அளக்கும் டம்ளரை நிரப்பித் தராசில் வைத்து, வேளைக்கு எத்தனை டம்ளர் என்று கேட்ட பிறகே உண்மையான அளவு கிடைத்தது.

தோலையும் முள்ளையும் மறப்பது

இந்திய வீடுகளில் ஒருவர் ஆண்டுக்கு 55 கிலோ உணவை வீணாக்குகிறார் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கையை மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த 55 கிலோவில் வாழைப்பழத் தோல், வெங்காயச் சருகு, முருங்கைச் சக்கை, மீன் முள் எல்லாம் அடங்கும்; உண்ண முடியாத பகுதியையும் சேர்த்து அளப்பதே அந்த அறிக்கையின் வரையறை. மாட்டுக்கு வைக்கும் கழிவோ அதில் சேராது. கழுநீர்த் தொட்டி உள்ள கிராமத்து வீட்டையும் அடுக்குமாடி வீட்டையும் ஒப்பிடும்போது இந்த ஒரு விதியே முடிவை மாற்றிவிடும். மேலும், 2021 அறிக்கையில் 50 கிலோ என்றிருந்தது 55 ஆனதைக் கண்டு, வீண் பத்து விழுக்காடு கூடிவிட்டது என்று எழுதாதீர்கள். இரண்டுமே நாடு முழுவதும் அளந்து வந்தவை அல்ல. சில ஊர்களில் நடந்த ஆய்வுகளிலிருந்து விரித்துக் கணித்தவை.

இரண்டு அறிக்கைகளின் விழுக்காட்டைக் கூட்டுவது

உணவு சில்லறைக் கடையை அடையும் முன்பே 14 விழுக்காடு இழப்பு என்று ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2019இல் சொன்ன எண் பண மதிப்பில் கணித்தது. கடை முதல் வீடு வரை 19 விழுக்காடு வீண் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் சொன்னது எடையில் கணித்தது. கூட்டாதீர்கள்.

கேள்வி மாறியதைப் பார்க்காமல் போக்கு வரைவது

1999-2000இல் தேசிய மாதிரி ஆய்வு (மேலே சொன்ன வீட்டுக் கணக்கெடுப்பை நடத்தும் அமைப்பு) உணவுப் பொருள்களுக்கு 7 நாள், 30 நாள் என்ற இரண்டு நினைவுக்காலங்களையும், அதாவது கடந்த எத்தனை நாள் நுகர்வை நினைவுகூர வேண்டும் என்பதை, ஒரே வீட்டில் அருகருகே கேட்டது. ஒரு விடை மற்றொன்றைப் பாதித்தது. 1993-94உடன் அதை ஒப்பிடலாமா என்ற வாதம் பல ஆண்டுகள் நீடித்தது. 2022-23இலும் கேட்கப்பட்ட பொருள்கள் 347இலிருந்து 405ஆகக் கூடின. ஒரே வருகையில் கேட்டதை மூன்று வினாத்தாள்களாகப் பிரித்துத் தனித்தனி வருகைகளில் கேட்டார்கள். ஆகவே இரண்டு புள்ளிகளை ஒரு கோட்டால் இணைக்கும் முன், இரண்டு வினாத்தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் படியுங்கள். சிறிய ஆய்வுகளில் பருவமும் முக்கியம். இறைச்சி குறைந்துவிட்டது என்று முடிவு சொன்ன ஒரு மாணவரின் தேதிகளைப் பார்த்தேன். முதல் சுற்று தை மாதம், இரண்டாம் சுற்று முழுவதும் புரட்டாசி.

பறிக்காமல் விட்டதைத் தேடுவது

விலை சரிந்ததால் செடியிலேயே விடப்பட்ட காய், அறுவடைக்குப் பின் அளக்கும் எந்த ஆய்விலும் இருக்காது. வேண்டுமென்றால் வயலில் நீங்களே அளக்க வேண்டும்.

எல்லாப் பொருளுக்கும் ஒரே விழுக்காடு

சிஃபெட் ஆய்வில் இழப்பு கொய்யாவுக்கு 15.88 விழுக்காடு, தக்காளிக்கு 12.44, பாலுக்கு 0.92. பொருள்வாரியாகவே எழுதுங்கள்.