துடிப்புக் கோளாறுக்கு மருந்து எடுப்பவர்கள் ரத்த ரிப்போர்ட்டைப் பார்ப்பது எப்படி?

"அதான் ஈசிஜியிலேயே தெரிஞ்சிடுச்சே, அப்புறம் எதுக்கு இத்தனை ரத்தப் பரிசோதனை?" இதய வார்டில் நர்ஸாக இருக்கும் என்னிடம் யாராவது கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். துடிப்பில் என்ன கோளாறு என்று ஈசிஜி சொல்லிவிடும். எது அதைக் கிளப்பியது, எந்த மருந்தை எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு ரத்தத்தைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் பொட்டாசியம். 3.5 முதல் 5 வரை நார்மல் என்று அச்சடித்திருக்கும். ஆனால் துடிப்புக் கோளாறு உள்ளவருக்கு 3.6 என்று வந்தால் எங்கள் டாக்டர்கள் சும்மா விடமாட்டார்கள், 4-க்கு மேல் வைக்கப் பார்ப்பார்கள். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது சுலபமாக இறங்கிவிடும். மருந்து கொடுத்தும் ஏறவில்லையா? மெக்னீசியம் பார்த்தார்களா என்று கேளுங்கள். அது குறைவாக இருந்தால் பொட்டாசியம் சிறுநீரில் போய்க்கொண்டே இருக்கும்.

ரத்தம் எடுக்கும் விதத்திலேயே இந்த எண் மாறும். கையில் பட்டையைக் கட்டிவிட்டு விரல்களை மூடி மூடித் திறந்தால், தசையிலிருந்து பொட்டாசியம் கசிந்து கலந்துவிடும். கையை மூடி அசையாமல் வைத்திருங்கள், போதும். ஊசி சரியாக ஏறாமல் இழுத்து இழுத்து எடுத்தால் சிவப்பணுக்கள் உடையும். அந்த டியூபைச் சுழற்றி எடுத்தால் மேலே மஞ்சளாக நிற்க வேண்டிய நீர் ரோஸ் நிறத்தில் இருக்கும். அதில் 5.8 வந்தால் நான் அப்படியே நம்பமாட்டேன். உடனே ஈசிஜி எடுத்துவிட்டு வேறு சாம்பிள் அனுப்புவோம்.

ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு, புதிதாக வந்தவர்களுக்கு டிஎஸ்எச் என்ற தைராய்டு பரிசோதனை கட்டாயம். அது மிகவும் குறைந்திருந்தால் தைராய்டு அதிகமாக வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள். முடி உதிர்வதற்குப் பயோட்டின் சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சில மெஷின்களில் டிஎஸ்எச் பொய்யாகக் குறைந்து காட்டும். துடிப்பைச் சீராக்கக் கொடுக்கும் அமியோடரோன் மருந்தில் அயோடின் நிறைய இருப்பதால், அது எடுப்பவர்கள் 6 மாதத்துக்கு ஒருமுறை தைராய்டும் கல்லீரலும் பார்க்க வேண்டும்.

துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் டிகாக்சின் மருந்து ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதென்றால், மாத்திரை போட்டு 6 மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு நேராக லேபுக்குப் போனால் அளவு கூடுதலாகத்தான் வரும். மாத்திரை போட்ட நேரத்தைச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.

ரத்த உறைவைத் தடுக்க வார்ஃபரின் மாத்திரை என்றால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐஎன்ஆர் பார்க்க வேண்டும், அது பெரும்பாலும் 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். செயற்கை வால்வு இருந்தால் கணக்கு வேறு. அதே வேலைக்கான அபிக்சபான் போன்ற மாத்திரைகளுக்கு ஐஎன்ஆர் தேவையில்லை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் வேண்டும். வயது, எடையோடு அதையும் சேர்த்துப் பார்த்துதான் அளவு முடிவாகும். எண்ணைப் பார்த்து நீங்களாக மாத்திரையைக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.

ரிப்போர்ட்டில் என்டி-ப்ரோபிஎன்பி என்ற இதயப் பரிசோதனையின் எண் ஏறியிருந்தால் பயந்துவிடுகிறார்கள். இதயம் சுமை தாங்குகிறது என்பதற்கு அது அடையாளம்தான். ஆனால் ஏட்ரியல் ஃபைப்ரிலேஷனாலேயே ஏறும், வயதானாலும் சிறுநீரகம் மந்தமானாலும் ஏறும். அதனால் உங்கள் பழைய ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோய், டாக்டரிடம் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.