வாசலிலிருந்து ஐம்பது மீட்டர்: சின்னப் பிள்ளைகளோடு இயற்கையைப் பார்ப்பது எப்படி?

கோலாலம்பூரில் பிள்ளைக்கு இயற்கையைக் காட்ட வேண்டுமென்றால் காரை எடுத்தால்தான் உண்டு என்று பலரும் நினைக்கிறோம். அருவிக்குப் போய்ச் சேர்வதற்குள் நெரிசலில் பாதி நாள் போய்விடும். பிள்ளை தூங்கி எழுந்து, பசித்து அழுது, வீடு திரும்பிவிடும். இரண்டிலிருந்து ஆறு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு மலையும் அருவியும் தேவையே இல்லை. அதன் கண்மட்டத்தில் இருப்பவை புல், எறும்பு, சுவரோரத்து ஈரம். செந்தூல் அடுக்குமாடியின் கீழ்த்தளத்திலும் இவை உண்டு, கெப்போங் தாமான் வீட்டின் பின்சந்திலும் உண்டு.

ஒரே இடம், வாரம் மூன்று முறை. இதுதான் முழு முறையும். நேற்றுப் பார்த்த செடியில் இன்று என்ன மாறியிருக்கிறது என்று கண்டுபிடிக்கும்போதுதான் பிள்ளை உற்றுப் பார்க்கப் பழகுகிறது. புதுப்புது இடமாக மாற்றிக்கொண்டே போனால் வேடிக்கை மட்டும்தான் மிஞ்சும்.

நேரமும் எல்லையும்

காலை 8-லிருந்து 9.30 வரை நல்ல நேரம். நம் ஊரில் பொழுது விடிவதே 7 மணிக்கு மேல்தான். 10 மணிக்கெல்லாம் தார் சூடேறிவிடும், பிற்பகலில் இடி மழைக்கு வாய்ப்பு அதிகம். முந்தின இரவு மழை பெய்திருந்தால் அந்தக் காலையை விடாதீர்கள். நத்தையும் மரவட்டையும் அப்போதுதான் வெளியே இருக்கும். இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காமல் நேராகக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் அன்றைக்கு வேண்டாம்.

மூன்று வயதுக்கு 20 நிமிடம், ஆறு வயதுக்கு 40 நிமிடம் போதும். தூரத்தைக் கணக்கிடாதீர்கள். ஐந்து மீட்டரிலேயே நேரம் முடிந்துபோனால் அன்று நன்றாகப் பார்த்திருக்கிறது என்று அர்த்தம்.

பையில் என்ன இருக்க வேண்டும்

மூன்று அல்லது ஐந்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி ஒன்று. அதற்கு மேல் வேண்டாம், பிள்ளையின் கை ஆடும்போது எதுவும் தெரியாது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் மூடி ஒன்று, பழைய தேக்கரண்டி ஒன்று, வெளிர் நிறக் குடை, தண்ணீர், சவர்க்காரம், பிளாஸ்டர். மலிவு விலைக் கடையில் பெரும்பாலானவை கிடைக்கும்.

நீளக் காற்சட்டையும் மூடிய காலணியும் கட்டாயம். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு விடிந்த பிறகும் அந்திக்கு முன்பும்தான் அதிகம் கடிக்கும். கொசு மருந்தை உங்கள் உள்ளங்கையில் எடுத்துப் பிள்ளையின் கால், கழுத்தில் தடவுங்கள். பிள்ளையின் கையில் தடவினால் அடுத்த நிமிடம் அது வாய்க்கும் கண்ணுக்கும் போய்விடும்.

முதலில் காது

கீழே இறங்கியதும் இரண்டு நிமிடம் நில்லுங்கள். "கண்ணு, எத்தனை சத்தம் கேட்குது? விரலை மடக்கு" என்று சொல்லுங்கள். மோட்டார் சைக்கிள் சத்தத்தையும் எண்ணட்டும், தடுக்காதீர்கள். பிறகு அதில் பறவை எது என்று கேளுங்கள். விடியும் முன்பே கூவத் தொடங்குவது குயில். பக்கத்தில் காக்கை இருந்தால் சொல்ல ஒரு கதையும் உண்டு: குயில் கூடு கட்டாது, காக்கைக் கூட்டில் முட்டையிடும். கறுப்பு வெள்ளையாக, வாலைத் தூக்கிக்கொண்டு பாடுவது குண்டுக்கரிச்சான். பாலர் பள்ளியில் 'முராய்' என்று மலாயில் கேட்டிருப்பார்கள். இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள்.

ஆனால் பெயரை முதலில் சொல்லிவிடாதீர்கள். பெயர் கிடைத்ததும் பிள்ளை பார்ப்பதை நிறுத்திவிடும். "எத்தனை கால்?", "எங்கே போகுது?", "வாயில என்ன வச்சிருக்கு?" இந்த மூன்றும் முடிந்த பிறகு பெயர்.

தொட்டாற்சிணுங்கி

புல் வெட்டிய திடலோரம் எங்கும் கிடக்கும். மலாயில் செமாலு. தண்டில் முள் இருப்பதால் விரலை மேலிருந்து இலை நுனியில் மட்டும் வைக்கச் சொல்லுங்கள். இலைக்காம்பின் அடியில் சின்னப் புடைப்பு ஒன்று இருக்கும். தொட்டவுடன் அங்குள்ள உயிரணுக்களிலிருந்து நீர் வெளியேறும், விறைப்பு போய் இலை மடங்கும். மறுபடி விரிய ஏறக்குறைய 10 முதல் 20 நிமிடம் ஆகும். கைப்பேசியில் நேரம் வைத்துவிட்டு அடுத்ததைப் பார்க்கப் போங்கள். திரும்பி வந்து பார்ப்பதுதான் பிள்ளைக்குப் பெரிய விஷயம். மிகச் சீக்கிரம் இறங்கினால் இது நடக்காது. இரவில் மூடிய இலை வெளிச்சம் நன்றாக வந்த பிறகே விரியும்.

குடையைக் கவிழ்த்துப் பிடியுங்கள்

பூச்சி ஆய்வாளர்கள் செய்வதன் எளிய வடிவம் இது. குடையை விரித்துத் தலைகீழாகப் புதரின் கீழே வைத்து, கிளையை மூன்று முறை உலுக்குங்கள். சிலந்தி, இலைத்தத்தி, பொறிவண்டு, குச்சி போன்ற புழு என்று நாலைந்தாவது விழும். கறுப்புக் குடையில் பாதி தெரியாது. ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அதே புதரடியில் கொட்டிவிடுங்கள்.

உலுக்கும் முன் கிளையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பச்சை இலைகளைச் சேர்த்து ஒட்டிய பந்து ஏதாவது தொங்கினால் அது முசுறு, அதாவது கெரெங்கா கூடு. தங்கள் இளம்புழுக்களை வாயில் பிடித்து, அவை விடும் பட்டிழையால்தான் இந்த எறும்புகள் இலையைத் தைக்கின்றன. இரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்க்க அருமையான கூடு. தொட்டால் கூட்டமாக வந்து கடிக்கும். மயிர் அடர்ந்த கம்பளிப் புழுவையும் கையில் எடுக்க வேண்டாம், அரிப்பெடுக்கும்.

மழை படாத மண்ணில் குழிநரி

படிக்கட்டின் அடியில், கட்டடத்து விளிம்பில், மழை படாத பொடிமண் இருக்கிறதா என்று தேடுங்கள். 50 சென் காசு அகலத்தில் புனல் மாதிரிக் குழிகள் தெரியும். புல் நுனியால் இரண்டு மூன்று மணல் துகளை உள்ளே தள்ளினால் அடியிலிருந்து மண் தெறிக்கும். எறும்பு விழுந்தது என்று நினைத்து, அது ஏறி வராமலிருக்க மண்ணை வீசுவது குழிநரி என்னும் பூச்சிப் புழுவின் வேலை. தேக்கரண்டியால் குழியின் அடியோடு அள்ளி மூடியில் பரப்பி, அசையாமல் காத்திருங்கள். மண் நிறத்தில் ஒரு சின்ன உருவம் பின்பக்கமாகவே நடக்கும். மழையில் நனைந்த மண்ணில் இது கிடைக்காது. ஈர மண் சரியாது, பொறி வேலை செய்யாது.

நத்தை: கண்ணால் மட்டும்

நம் வீட்டோரம் இருக்கும் பெரிய பழுப்பு நத்தை ஆப்பிரிக்க நத்தை. அதன் உடலில் மனிதருக்கு நோய் தரும் ஒட்டுண்ணி இருக்கலாம் என்பதால் வெறுங்கையால் தொடக்கூடாது. அது போகும் வழியில் பிளாஸ்டிக் மூடியை வையுங்கள். ஏறியதும் மூடியை மெல்லத் தூக்கி, கீழிருந்து பார்க்கச் சொல்லுங்கள். பாதம் முழுக்க அலை அலையாக ஒரு கோடு ஓடும். நத்தை நடப்பதே அந்த அலையால்தான். சிமெண்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தால் சுண்ணாம்புச் சத்துக்காகச் சுவரைச் சுரண்டிக்கொண்டிருக்கலாம், ஓட்டுக்கு அது வேண்டும். பார்த்து முடித்ததும் மூடியையும் கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

எலி நடமாட்டம் உள்ள சாக்கடைத் தண்ணீரில் கால் வைக்க விடாதீர்கள். பாம்பைக் கண்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கி 999-ஐ அழையுங்கள்.

சிவப்பு விதையில் ஒரு எச்சரிக்கை

சாகா மரத்தடியில் பிள்ளைகள் பொறுக்கும் முழுச் சிவப்பு விதைக்குத் தமிழில் மஞ்சாடி என்று பெயர். ஏறத்தாழ நான்கு விதை ஒரு கிராம். நாற்பதைப் பொறுக்கி வந்து சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். குன்றிமணி வேறு: சிவப்பில் ஒரு பக்கம் மட்டும் கறுப்பு, கொடியில் காய்ப்பது, கடும் நஞ்சு. கறுப்புப் பொட்டு இருந்தால் தொடாமல் விடவேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை கையில் எந்த விதையையும் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும்.

கறிவேப்பிலைத் தொட்டியில் ஒரு மாதம்

நம் வீடுகளில் கட்டாயம் இருக்கும் தொட்டி இது; நம் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. எலுமிச்சைப் பட்டாம்பூச்சி எலுமிச்சையில் மட்டுமல்ல, கறிவேப்பிலையிலும் முட்டையிடும். இளந்தளிரில்தான் தேடி இடும் என்பதால், வெயில் படும் இடத்தில் தொட்டியை வைத்து நுனியைக் கிள்ளிவிடுங்கள், புதுத்தளிர் வரும். மருந்து எதையும் தெளிக்காதீர்கள்.

தளிரில் வெளிர்மஞ்சளாகக் கடுகைவிடச் சிறிய உருண்டை தெரிந்தால் அது முட்டை. மூன்று நான்கு நாளில் பொரியும். முதலில் வரும் புழுவைப் பறவை எச்சம் என்று நினைத்துத் துடைத்துவிடுவோம்: கறுப்பு, நடுவில் வெள்ளைத் திட்டு. பறவையை ஏமாற்றத்தான் அந்த வேடம். கடைசித் தோலுரிப்புக்குப் பின் பச்சையாக மாறி, நாலு சென்டிமீட்டர் வரை வளரும். அப்போது மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவை போன்ற கொம்பு நீளும், கடுத்த வாடை வீசும். கடிக்காது, கொட்டாது.

வளர்க்கும் முறை:

1. முறுக்கு வைக்கும் உயரமான பிளாஸ்டிக் டப்பாவில் அதிகம் போனால் இரண்டு புழு. வாயை வலைத்துணியால் மூடி ரப்பர் பட்டை போடுங்கள். பிளாஸ்டிக் மூடி போட்டால் உள்ளே வியர்த்து, எச்சத்தில் பூஞ்சை பிடித்து, புழு நீர்த்துச் சாகும்.
2. அடியில் டிஷ்யூ விரித்துத் தினமும் மாற்றுங்கள்.
3. கறிவேப்பிலைக் கொத்தைச் சின்னப் புட்டியில் தண்ணீர் ஊற்றி வையுங்கள். புட்டியின் வாயை டிஷ்யூவால் அடைக்க மறந்தால் புழு இறங்கி மூழ்கிவிடும். தண்ணீரையும் தினமும் மாற்றுங்கள், ஏடிஸ் முட்டையிட அதுவே போதும்.
4. இலை தீர்ந்துவிட்டது என்று கடைக் கறிவேப்பிலையைப் போடாதீர்கள். இதனால் புழு செத்துப்போகலாம். அதில் பூச்சிமருந்து ஒட்டியிருக்கலாம், கழுவினாலும் முழுதாகப் போகாது. பக்கத்து வீட்டு அக்காவின் தொட்டியில் கேட்டு வாங்குங்கள்.
5. டப்பா நேர் வெயிலில் இருக்கக்கூடாது.

ஏறக்குறைய இரண்டு வாரத்தில் புழு தின்பதை நிறுத்திச் சுற்றி அலையும். நோய் என்று பயப்பட வேண்டாம், கூட்டுப்புழுவாக இடம் தேடுகிறது. ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள். இடுப்பில் ஒரு பட்டுக்கயிறு கட்டிக்கொண்டு அதில் சாய்ந்து நிற்கும். எட்டு, பத்து நாளில் தோல் வழியே இறக்கையின் நிறம் தெரிந்தால் மறுநாள் காலையில் வெளிவரும். அப்போது உதவி செய்யப் பிள்ளை கை நீட்டும். தடுத்துவிடுங்கள். கசங்கிய இறக்கைக்குள் உடல்நீரைச் செலுத்தி விரிக்கும் நேரம் அது. இழுத்தால் இறக்கை கோணலாகக் காய்ந்து, பிறகு பறக்கவே முடியாது. கீழே சொட்டும் கலங்கிய துளி இரத்தமில்லை, உடலில் மிஞ்சிய கழிவு. இறக்கை காய இரண்டு மணி நேரம் விட்டு, தொட்டிச் செடிமேல் வைத்து வலையை எடுத்துவிடுங்கள்.

சில கூட்டிலிருந்து பட்டாம்பூச்சி வராது. பக்கத்தில் சிறு துளை தெரிந்தால் ஒட்டுண்ணிக் குளவியோ ஈயோ புழுவுக்குள் முட்டையிட்டிருக்கிறது. பிள்ளையிடம் மறைக்க வேண்டாம், "குளவிக்கும் பிள்ளை இருக்குல்ல" என்று சொன்னால் ஏற்றுக்கொள்ளும்.

ஒரு மாதத்துக்குப் பிறகு

இனி தித்திவங்சா ஏரிக்குப் போகலாம். கரையில் நீர் உடும்பு நாக்கை நீட்டிக்கொண்டு போவதைப் பத்து மீட்டர் தள்ளி நின்று பார்க்கலாம். கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தின் (ஃப்ரிம்) காடு 1920-களிலிருந்து நட்டு வளர்க்கப்பட்டது என்று சொன்னால் நம்ப முடியாது. அங்கே கப்பூர் மரங்களின் அடியில் நின்று நேராக மேலே பாருங்கள். ஒரு மரத்தின் உச்சி அடுத்ததைத் தொடாமல், இடையில் வானம் ஆற்றுக்கிளை போல ஓடும். குரங்கு உள்ள இடங்களில் பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள், பைக்குள் சாப்பாடு என்று அவற்றுக்குத் தெரியும். பசியாறிவிட்டே போங்கள்.