முதல் கேமரா: பாதிப் பணம் லென்ஸுக்கு

என் முதல் கேமராவை அட்டைப்பெட்டியில் போட்டிருந்த இரண்டு எண்களைப் பார்த்துத்தான் வாங்கினேன்: 20 மெகாபிக்சல், 40 மடங்கு ஜூம். பகல் வெளிச்சத்தில் கம்பியில் உட்கார்ந்திருந்த மீன்கொத்தியை அது அழகாகவே எடுத்தது. அக்கா மகள் மேடையில் ஆடிய அன்றுதான் குட்டு வெளிப்பட்டது. இருநூறு படங்களில் முகம் தெரிந்தவை நாலோ ஐந்தோ. அவற்றிலும் கன்னமெல்லாம் மணலை அள்ளித் தூவினாற்போல் புள்ளி.

ஏன் என்று பிற்பாடுதான் புரிந்தது. அந்த வகை கேமராக்களில் படத்தைப் பதிவுசெய்யும் சென்சார் ஏறக்குறைய 6.2 × 4.6 மி.மீ.தான். லென்ஸ் மாற்றக்கூடிய கேமராக்கள் பலவற்றில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சார் சுமார் 23.5 × 15.6 மி.மீ., அதாவது பரப்பில் 13 மடங்கு. ஃபுல் ஃபிரேம் 36 × 24 மி.மீ., 30 மடங்கு. வெளிச்சம் குறைவான இடத்தில் இந்தப் பரப்புதான் பேசும், மெகாபிக்சல் பேசாது. 24 மெகாபிக்சல் படம் 6000 × 4000 புள்ளிகள் கொண்டது. அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சிட்டாலும் 20 அங்குல அகலம் வரும். அவ்வளவு பெரிய பிரிண்டை நான் இதுவரை இரண்டே முறை போட்டிருக்கிறேன்.

அதனால் மாடல் பெயர்களைத் தேடுவதற்கு முன், கையில் இருக்கும் போனில் எந்தப் படம் சரியாக வரவில்லை என்று பாருங்கள். வீட்டுக்குள் ஓடுகிற குழந்தையா, தூரத்துப் பறவையா? பகலில் எடுக்கும் இயற்கைக் காட்சி மட்டும்தான் என்றால் போனே போதும், பணத்தை மிச்சம் பிடியுங்கள். பறவை என்றால் 300 மி.மீ. லென்ஸாவது வேண்டும். ஏபிஎஸ்-சி பாடியில் (லென்ஸ் நீங்கலான கேமரா உடலில்) அது 450 மி.மீ. போலக் காட்சி தரும் என்பது உபரி லாபம்.

குழந்தை, மேடை, வீட்டு விசேஷம் என்றால் விஷயம் லென்ஸில் இருக்கிறது. பாடியோடு வரும் 18-55 மி.மீ. கிட் லென்ஸை 55க்குத் திருப்பினால் அப்பர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளை; எஃப் எண் குறைந்தால் துளை பெரிது) பொதுவாக எஃப் 5.6க்கு மேல் திறக்காது. ஜூம் இல்லாத 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அதைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஷட்டர் வேகம் அதேதான். கிட் லென்ஸில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு, ஏற்ற ஏற்றப் புள்ளி கூடும்) 6400 கேட்கிற இடத்தில் இதில் 640 போதும். கன்னத்து மணல் போவது இங்கேதான். எனவே பாடியில் ஒரு படி இறங்கி, அந்தப் பணத்தில் இந்த லென்ஸை வாங்குங்கள். பாடி பழசாகும்; லென்ஸ் அடுத்த பாடியிலும் உட்காரும், லென்ஸ் பொருந்தும் வளையமான மவுண்ட் மாறாத வரைக்கும்.

உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆரா, அது இல்லாத மிரர்லெஸ்ஸா? கேனன், நிக்கான் இரண்டுமே 2018இல் மிரர்லெஸ்ஸுக்கென்று புது மவுண்ட் கொண்டுவந்தன. புது லென்ஸ்கள் அந்தப் பக்கம்தான் வருகின்றன. புதிதாக வாங்கினால் மிரர்லெஸ். பட்ஜெட் இடித்தால், செகண்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆரில் எந்தக் கேவலமும் இல்லை. ஒன்று மட்டும்: நிக்கானின் தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர்களில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மோட்டார் இல்லாத பழைய லென்ஸைப் போட்டால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

பழையதை வாங்கப் போகும்போது ஒரு சின்ன டார்ச்சும் உங்கள் மெமரி கார்டும் கூட வரட்டும். லென்ஸின் ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் போலக் கிளைத்திருந்தால் அது ஃபங்கஸ், பேரமே பேசாமல் திரும்பிவிடுங்கள். ஒன்றிரண்டு தூசி பரவாயில்லை. அப்புறம் எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுங்கள். சென்சாரில் அழுக்கு இருந்தால் கறுப்புப் பொட்டுகளாகத் தெரியும். பேட்டரி அறையில் பச்சை பூத்திருக்கிறதா, ஷட்டர் கவுண்ட் (இதுவரை எத்தனை முறை சொடுக்கியது) எவ்வளவு என்பதும் முக்கியம். தொடக்கநிலை பாடிகளின் ஷட்டருக்கு ஆயுள் ஒரு லட்சம் சொடுக்கு என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு.

புதிதோ பழசோ, கையில் பிடித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். சுண்டுவிரல் பிடிக்குக் கீழே தொங்குகிறதா? கட்டைவிரலை நகர்த்தாமல் டயலைத் திருப்ப முடிகிறதா? நான் கண்ணாடி போடுபவன். ஒரு கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் நாலு மூலையும் ஒருசேரத் தெரியவில்லை என்பதற்காகவே அதை வேண்டாம் என்றேன். எந்த விமர்சனத்திலும் அது எழுதப்பட்டிருக்கவில்லை.

மிரர்லெஸ் என்றால் இன்னொரு பேட்டரிக்கும் சேர்த்துக் காசு ஒதுக்குங்கள், இல்லையென்றால் நிகழ்ச்சியின் பாதியில் கேமரா கண்ணை மூடிவிடும். பழைய ஜூம் கேமராவை நான் விற்கவில்லை. அக்கா மகளிடம் இருக்கிறது, நிலாவை எடுத்துக்கொண்டிருக்கிறாள்.