‘பாவம்’ எத்தனை சொல்? வேர் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே மாதிரி எழுதப்படுவதால் ஒரே சொல் என்று முடிவுகட்டுவதே முதல் தவறு. மற்றவை இதிலிருந்துதான் முளைக்கின்றன.

வடமொழியில் முதலொலியே வேறான இரண்டு சொற்கள் தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிட்டன. தீவினையைக் குறிக்கும் பாவம், ‘பாப’ என்பதன் வழி வந்தது. பிராகிருதத்திலேயே நடுப் பகரம் வகரமாகி ‘பாவ’ ஆகிவிட்டது. முகத்தில் தெரியும் உணர்ச்சியைக் குறிக்கும் பாவமோ, ‘ஆதல், இருத்தல்’ என்ற பொருளுள்ள வேறொரு வேரில் பிறந்தது. முன்னதன் பகரம் ‘படம்’ என்பதில் வருவது. பின்னதை ‘கம்பு’ என்பதன் பகரம்போல் ஒலிக்க வேண்டும். புணர்ச்சியிலும் இந்த வேறுபாடு தெரியும்: ‘முற்பிறவிப் பாவம்’ என்று ஒற்று மிகும், ‘முகபாவம்’ மிகாமல் நிற்கும். ஐயம் வந்தால் உறவுச்சொற்களைப் பாருங்கள். பாவி ஒரு பக்கம், பாவனை மறுபக்கம்.

தமிழ்ப் பொருளை அண்டை மொழிக்கு அப்படியே கொண்டுபோவது அடுத்த தவறு. மொழிபெயர்ப்பில் அதிகம் சறுக்குவது இங்கேதான். மலையாளத்தில் ஒருவரைப் ‘பாவம்’ என்றால் அப்பாவி, எளியவர் என்று பொருள். தீவினைக்கு அங்கே ‘பாபம்’ தனியாக இருக்கிறது. தெலுங்கில் ‘பாபம்’ என்ற ஒரே சொல் தீவினைக்கும் இரக்கத்துக்கும் வரும், நம் ‘ஐயோ பாவம்’ போல. இந்தியில் ‘பாவ்’ என்று நாம் எழுதுவதற்குள் மூன்று சொற்கள் ஒளிந்திருக்கின்றன. மெல்லிய பகரத்தோடு சொன்னால் உணர்ச்சி, சந்தை விலை என்ற இரண்டு பொருளும் உண்டு. வல்லொலியில் காற்பங்கு, இது ‘பாத’ என்பதன் திரிபு. (தமிழிலும் ‘கால்’ உறுப்பையும் நாலில் ஒன்றையும் குறிப்பது கவனிக்கத்தக்கது.) அதே வல்லொலியில் ரொட்டியும் உண்டு, அது போர்ச்சுகீசியரிடமிருந்து வந்த சொல். காற்பங்கு ரொட்டி என்று இரண்டையும் முடிச்சுப் போடக் கூடாது.

பொம்மையைக் குறிக்கும் ‘பாவை’யைப் பாவனையோடு இணைப்பதும் பிழை. பாவை திராவிடச் சொல். மலையாளத்தில் ‘பாவ’ என்றால் பொம்மை.

‘பாவம், ராகம், தாளம் மூன்றின் முதலெழுத்துகள் சேர்ந்ததே பரதம்’ என்பதையும் சொற்பிறப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நினைவில் வைக்க அழகான விளக்கம்தான், ஆனால் முதலெழுத்துகளைக் கோத்துப் பிறந்த சொல் அல்ல அது.

எழுதுவதற்கு முன் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டுங்கள். வேர் வேறானால் தலைச்சொல்லும் அதில் தனித்தனியே நிற்கும்.