காசிமேட்டில் மங்கல்: எது சரி, எது ஏமாற்று

ஞாயிற்றுக்கிழமை விடியலில் சென்னை காசிமேடு மீன் ஏலத் திடலில் மீன்கூடைகளுக்குப் போட்டியாக கேமராக்கள். படங்களில் பாதி மங்கலாகத்தான் வரும். மங்கல் குற்றமில்லை, அது எங்கிருந்து வந்தது என்பதுதான் விஷயம். அங்கே அடிக்கடி கண்ணில் படும் தவறுகள் இவை.

கை ஆடியதை ‘அசைவு’ என்பது

தூண், தரை, ஆள் எல்லாம் ஒரே பக்கம் இழுபட்டிருந்தால் ஆடியது கை. தூண் கூர்மையாக நின்று, கூடை தூக்குபவர் மட்டும் கலைந்திருந்தால் அது அசைவு, தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆட்டத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசர் இல்லாத 200 மி.மீ. லென்ஸில் ஷட்டர் 1/200 நொடியைவிட மெதுவாக வேண்டாம். அதற்காக ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200 போகட்டும், புள்ளி விழுந்தாலும் முகம் தெரியும்.

மீன்பாடி வண்டியை உறைய வைப்பது

1/1000 வைத்தால் ஓடுகிற வண்டி நிறுத்திவைத்த மாதிரி இருக்கும். 1/30க்கு வாருங்கள். வண்டி நேரே வருமுன்பே பின்தொடர ஆரம்பித்து, இடுப்போடு திரும்பி, க்ளிக் ஆன பிறகும் திரும்பிக்கொண்டே இருங்கள். பத்துக்கு ஒன்று தேறினால் நல்ல நாள்.

படகில் ட்ரைபாட்

படகே ஆடுகிறது.

போர்ட்ரெய்ட் மோட்

ஆளைக் கூர்மையாக விட்டுப் பின்னணியை மங்கலாக்கிக் காட்டும் போன் வசதி. எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் தீராத தவறு இது. போனின் சென்சார் சின்னது. பின்னணியை அவ்வளவு மங்கலாக்க அதனால் முடியாது. மென்பொருள் தூரத்தை ஊகித்து, ஆளைக் கத்தரித்து, மீதியை மெழுகிவிடுகிறது. திரையில் காட்டும் எஃப்/1.4 என்ற லென்ஸ் திறப்பு அளவு வெறும் கணக்கு. வலை தைப்பவரின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: வலைக்கு வெளியே மங்கலாக இருக்கும் படகு, வலைக் கண்ணுக்குள் பளிச்சென்று தெரியும். ஊசி நுனி காற்றில் கரைந்திருக்கும். நிஜ லென்ஸ் தரையைப் படிப்படியாகக் கலைக்கும். இதுவோ காலடியிலேயே கோடு கிழித்துவிடும்.

பின்னணியை டிஜிட்டலாக மங்கலாக்கக் கூடாது என்று ஏபி (அசோசியேட்டட் பிரஸ்) செய்தி நிறுவனத்தின் விதியே சொல்கிறது. வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போட்டியில் இறுதிக் கட்டத்தில் மூலக் கோப்பைக் கேட்பார்கள். ஐபோனில் ‘எடிட்’ போய் போர்ட்ரெய்ட்டை அணைக்கலாம்; வாட்ஸப்பில் வந்த நகலில் ஒன்றும் செய்ய முடியாது. மூலத்தை அழித்தவர் கதை அதோடு முடிந்தது.

மங்கல் வேண்டுமா? 85 மி.மீ., எஃப்/1.8, ஆளுக்கு இரண்டு மீட்டரில் நில்லுங்கள். படகுகள் இருபது மீட்டர் பின்னால் இருக்கட்டும். ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவில் கூர்மை ஆறு செ.மீ. அளவுக்குத்தான் கிடைக்கும். காதில் ஃபோகஸ் விழுந்தால் கண் போயிற்று.

குழந்தையின் முகம்

எடுத்த பிறகு மங்கலாக்குவதற்குப் பதில், முதுகுப்பக்கம் போய் நின்று எடுங்கள்.