காரைக்குடியிலிருந்து வெளிநாட்டுப் படிப்புக்கு: குறைந்த செலவில் விமான டிக்கெட் எடுக்கும் முறை

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதம் வந்ததும் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வீடுகளில் எழும் முதல் கேள்வி, டிக்கெட்டுக்கு எவ்வளவு ஆகும் என்பதுதான். இணையத்தில் தெரியும் மிகக் குறைந்த தொகையை அதற்கான விடையாகக் கொள்ளக் கூடாது. வீட்டு வாசலில் வண்டி ஏறுவதிலிருந்து விடுதி அறையில் பெட்டியை இறக்குவது வரை ஆகும் மொத்தச் செலவே உண்மையான கட்டணம். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிக் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்யப் போனவர்கள் பேரேடு எழுதியதைப்போல, ஒவ்வொரு வழிக்கும் ஆகும் செலவை ஒரே தாளில் வரிசையாக எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள்.

விசா கைக்கு வருமுன் பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட்டை வாங்க வேண்டாம். அதுவரை கூகுள் ஃபிளைட்ஸ், ஸ்கைஸ்கேனர் போன்ற தளங்களில் மாத நாட்காட்டியைத் திறந்து, விலை மாறினால் அறிவிப்பு வரும்படி அமைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் மாணவர் கூட்டத்தால் கட்டணம் ஏறும். அமெரிக்காவின் எஃப்-1 எனப்படும் மாணவர் விசாவில் படிப்பு தொடங்குவதற்கு 30 நாள் முன்பிருந்தே நாட்டுக்குள் நுழையலாம். பிரிட்டனிலும் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்பென்றால் ஒரு மாதம் முன்னதாகப் போகலாம். இந்த இடைவெளிக்குள் வார நடுவில் வரும் நாட்களைத் தேடினால் கட்டணம் குறைய வாய்ப்புண்டு. முன்கூட்டியே போனால் தங்குமிடத்துக்கு ஆகும் வாடகையையும் அதே தாளில் எழுத வேண்டும்.

எங்கிருந்து புறப்படுவது என்பதில்தான் நம் பகுதி மாணவர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டும். திருச்சியும் மதுரையும் காரைக்குடியிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரச் சாலைப் பயணத்தில் உள்ளன. திருச்சியிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, வளைகுடா நகரங்களுக்கு நேரடி விமானங்கள் உண்டு. ஆனால் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறவர்களுக்குச் சென்னையில்தான் விமான நிறுவனங்கள் அதிகம். போட்டியால் விலையும் பெரும்பாலும் குறைவாக இருக்கும். காலையில் காரைக்குடியிலிருந்து புறப்படும் பல்லவன் ரயிலில் தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் திரிசூலம் சென்றால் விமான நிலையம் எதிரிலேயே இருக்கிறது. நள்ளிரவுக்குப் பிறகு புறப்படும் விமானங்களுக்கு இது மலிவான வழி. வழியனுப்ப உறவினர் அனைவரும் இரண்டு வேனில் வந்தால் அந்த மிச்சம் கரைந்துபோகும்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரு டிக்கெட், அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்கு வேறொரு நிறுவனத்தில் தனி டிக்கெட் எனப் பிரித்து வாங்கினால் தொகை குறையலாம். ஆனால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் பொதுவாக எந்த நிறுவனமும் பொறுப்பேற்காது. பெட்டியை வெளியே வந்து எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருந்தால் அந்த நாட்டின் நுழைவு அனுமதியும் தேவைப்படும். முதன்முறை தனியாகப் போகும் மாணவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சில ஆயிரம் கூடினாலும் முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருப்பதே நல்லது. அப்படி திருச்சியிலிருந்து சென்னை வழியாக வாங்கிய டிக்கெட்டில், நேராகச் சென்னைக்குப் போய் ஏறிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். முதல் கட்டத்தில் ஏறாவிட்டால் மீதிப் பயணம் முழுவதும் ரத்தாகிவிடும்.

மாணவர் கட்டணத்தைத் தனியாகத் தேடிப் பாருங்கள். பல நிறுவனங்களின் சொந்தத் தளத்தில் மாணவர் என்ற தெரிவு இருக்கும். வயது வரம்பும் அடையாள அட்டையோ அனுமதிக் கடிதமோ காட்ட வேண்டிய நிபந்தனையும் உண்டு. இதில் விலைக் கழிவைவிடக் கூடுதல் எடைக்குக் கிடைக்கும் அனுமதியே பெரிய லாபம். அமெரிக்கப் பயணங்களில் 23 கிலோ வீதம் இரண்டு பெட்டிகளை அனுமதிக்கும் டிக்கெட்டுகள் பல உண்டு. மலிவுக் கட்டண விமானங்களிலோ பெட்டிக்கே தனிப் பணம் கட்ட வேண்டியிருக்கும். ஆச்சி கட்டித்தரும் சீப்புச்சீடை, தேன்குழல், மாவுருண்டை டின்களையும் சேர்த்து வீட்டிலேயே எடை போட்டுவிடுங்கள். விமான நிலையத்தில் கட்டும் அதிக எடைக் கட்டணம் டிக்கெட்டில் மிச்சப்பட்டதை விழுங்கிவிடும்.

ஏஜென்ட் மூலம் வாங்கினால் ஆறு எழுத்து பிஎன்ஆர் எண்ணோடு திருப்தியடையாமல், 13 இலக்க டிக்கெட் எண்ணையும் கேட்டு வாங்கி, விமான நிறுவனத்தின் தளத்தில் நீங்களே சரிபாருங்கள். டிக்கெட் எண் இல்லையென்றால் இடம் குறித்து வைக்கப்பட்டிருக்கிறதே தவிர, டிக்கெட் வழங்கப்படவில்லை. கல்விக்கடன் எடுப்பவர்கள் பயணச் செலவையும் அதில் சேர்க்க முடியுமா என்று வங்கியில் கேட்டு, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

பெயரில் மிகுந்த கவனம் தேவை. நம் பிள்ளைகள் பலரின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருக்கும். வேறு சிலருக்குத் தந்தை பெயர் அங்கே இருக்கும். பள்ளிச் சான்றிதழில் உள்ளபடி முன்னெழுத்தைப் போட்டு டிக்கெட் எடுத்தால் சிக்கல் வரும். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளை அப்படியே பார்த்து நிரப்புங்கள். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் அதை எப்படி எழுதுவது என்பதை விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொண்டு, அதன் பிறகே பணம் கட்ட வேண்டும்.