தோள் வலியோடு ஸ்மாஷ் அடிக்காதீர்கள்

வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, சனி ஞாயிறு மட்டும் கோர்ட்டில் இறங்கி இரண்டு மணி நேரம் விடாமல் ஷட்டில் ஆடுகிறீர்களா, தோளைக் கொஞ்சம் கவனியுங்கள். தோள் மூட்டைப் பிடித்து வைத்திருக்கும் 4 தசைகளில் மேலே இருப்பதன் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்), தோள் எலும்பு முகட்டுக்கு அடியில் ஒடுக்கமான இடத்தில் போகிறது. கை திரும்பத் திரும்பத் தலைக்கு மேலே போனால் நைந்துபோகும்.

கையைப் பக்கவாட்டில் மெதுவாக உயர்த்திப் பாருங்கள். 60 முதல் 120 டிகிரிக்குள் சுருக்கென்று வலித்து, அதற்கு மேலே போனதும் குறைந்தால், அல்லது அந்தப் பக்கம் படுக்க முடியாமல் ராத்திரி தூக்கம் கலைந்தால், பெரும்பாலும் இந்தத் தசைநாண் சிக்கல்தான்.

சரி, என்ன செய்வது? ஓங்கி அடிக்கும் ஸ்மாஷையும், எதிராளியின் பின்கோடுவரை உயர்த்தி அடிக்கும் கிளியரையும் சில வாரம் நிறுத்துங்கள், வலிக்காதவரை வலைக்குப் பக்கத்தில் மெதுவாகத் தட்டும் நெட் ஆட்டம் ஆடலாம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஆடவே ஆடாதீர்கள், தயவுசெய்து. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து ரப்பர் பேண்டை வெளிப்பக்கமாக இழுங்கள், 10 முதல் 15 தடவை, 3 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். தசைநாண் மெதுவாகத்தான் தேறும், 12 வாரம்கூட ஆகலாம். விழுந்த பிறகோ, படக்கென்று ஏதோ அறுந்த மாதிரி உணர்ந்த பிறகோ கையைத் தூக்கவே முடியவில்லை என்றால் பயிற்சியெல்லாம் வேண்டாம், உடனே எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள்.